மூக்கு அவளுக்கு, முழி எனக்கு!

என் மனைவிக்குக் கடவுள் கொடுத்த வரம், மூக்கு. ஆபீஸ் பக்கத்தில் நான் பஜ்ஜி சாப்பிட்டதை, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள். வெங்காயமா, வாழைக்காயா என்பதில்தான் கொஞ்சம் சந்தேகம் வரும்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு சாயங்காலம் பைக்கின் பின்சீட்டிலிருந்து, "ஏங்க, ஏதோ தீயற வாசனை வருதுங்க" என்றாள். கிண்டியிலிருந்து பல்லாவரம் வரும் வழி. மே மாதம். இடது பக்கம் லாரி, வலது பக்கம் பஸ்.

"இவ்வளவு வண்டி போற ரோட்ல மல்லிகைப்பூ வாசனையா வரும்?" என்றேன். பின்சீட் மௌனமாகிவிட்டது. (அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.)

மறுநாள் தனியாகப் போனேன். வாசனையும் கூடவே வந்தது. லாரி, பஸ் நுழையாத சந்துக்குள்ளும் வந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஜுரம் வந்த குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி இன்ஜினைத் தொட்டேன். இரண்டு விரலில் கொப்புளம்! டெபிட், கிரெடிட் படித்தவனுக்கு இன்ஜின் எவ்வளவு சுடலாம் என்று யார் சொல்லித் தந்தார்கள்? 'தொலைந்தது, இன்ஜின் சீஸ் ஆகப் போகிறது' என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். டீக்கடைக்காரர், "ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க சார், ஆறிடும்" என்றார். நல்லவேளை, சொம்பு கிடைக்கவில்லை.

வண்டியை மெக்கானிக் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்ன வாசனை சார்?"

"தீயற வாசனை, பாய்."

"சாதம் அடிப்பிடிச்சாலும் தீயற வாசனைதான், பால் பொங்கி வழிஞ்சாலும் தீயற வாசனைதான். வீட்ல அம்மா அடுப்படிக்கு வராமலே எதுன்னு சொல்வாங்க இல்ல? அப்படிச் சொல்லுங்க."

திருதிருவென்று முழித்தேன். பாய் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

காகிதம் கருகுவது போல மூக்கில் காட்டமாக ஏறினால் கிளட்ச் பிளேட் அல்லது பிரேக் ஷூ. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறி, வண்டி ஏறாமல் இருந்தால் கிளட்ச். எண்ணெய் தீயும் வாசனை என்றால், எங்கோ ஆயில் கசிந்து சூடான இடத்தில் சொட்டுகிறது. சைலன்ஸரில் நீலப் புகையும் வந்தால், ஆயில் உள்ளேயே எரிகிறது. பிளாஸ்டிக் நாற்றமா? முதலில் சைலன்ஸரைப் பார்க்க வேண்டும். ரோட்டில் பறந்த கேரி பேக் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இல்லையென்றால் ஒயரிங். சாவியை அணைத்துவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். அழுகின முட்டை மாதிரி வந்தால் பேட்டரிக்கு சார்ஜ் அளவுக்கு மீறி ஏறுகிறது.

"சூடு, பாய்?" என்று கொப்புளத்தைக் காட்டினேன்.

"இது காத்துல ஆறுற இன்ஜின் சார். 100 டிகிரிக்கு மேல சுடறது சகஜம். தண்ணி தெளிச்சா தோசைக்கல்லு மாதிரி 'சுர்'ருங்கும், அது நோய் இல்லை. வண்டி இழுக்காம சோர்ந்து போகுதா, உள்ள 'டக் டக்'குனு தட்டுதா, ஆயில் குறைஞ்சிருக்கா, அதைப் பாருங்க. இன்ஜினைச் சுத்தி வரி வரியா இருக்கே, அதுல சேறு அடைச்சிருந்தா காத்து படாது. ஆனா தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. சூட்டுல பச்சைத்தண்ணி பட்டா விரிசல் விட்டாலும் விடும்."

சொல்லிக்கொண்டே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். சுற்றவில்லை. நடுவில் இருக்கும் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று எடுத்தார்.

"பிரேக்ல யார் கை வெச்சது?"

நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை, 'இதுக்கெல்லாம் மெக்கானிக்குக்குத் தண்டம் அழணுமா?' என்று வசனம் பேசிவிட்டு, ஸ்பேனரால் பிரேக் நட்டை முறுக்கோ முறுக்கென்று முறுக்கியிருந்தேன்.

"அப்போலேர்ந்து பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் ஓட்டறீங்க. ஷூ உரசித் தீயுது. இன்ஜின் அதையும் சேர்த்து இழுக்கணும், சூடு ஏறாம என்ன பண்ணும்? இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, பின்னாடி அம்மாவை வெச்சுக்கிட்டுப் போறப்ப சக்கரம் ஜாம் ஆகியிருக்கும்."

நட்டைத் தளர்த்தினார். சக்கரம் சுற்றியது. நிம்மதியாகப் பர்ஸை எடுத்தேன். பாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. கார்புரேட்டருக்குக் கீழே முகத்தைக் கொண்டுபோனார்.

"பெட்ரோல் வாசனை அடிக்குதே. ராத்திரி வண்டியை எங்க விடுவீங்க?"

"வீட்டுக்குள்ள. நடையில."

"பக்கத்துல விளக்கு, கிளக்கு?"

"சாமி விளக்கு... மாடத்துல."

கை துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது.

எனக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமையே அவள், "நடையில பெட்ரோல் நாத்தம் அடிக்குதுங்க" என்று சொன்னாள். "பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசனை வராம பெருங்காய வாசனையா வரும்?" என்று நான் ஜோக் அடித்திருந்தேன்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. என்னுடையது அதற்கு முந்தியது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் பந்து மேலே வந்து குழாயை அடைக்குமே, அதே ஏற்பாடுதான் கார்புரேட்டருக்குள்ளும். ஒரு தூசி நடுவில் மாட்டினால் அடைப்பு மூடாது. பெட்ரோல் நிரம்பிச் சொட்டும். டாப்பை மூடியிருந்தால் நின்றிருக்கும். நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து மூடியதில்லை.

"மத்த வாசனையெல்லாம் வண்டிக்கு ஆபத்து சார். இது வீட்டுக்கே ஆபத்து. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம். மேல போகாது, தரையோட தரையா ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும்" என்றார் பாய்.

சுத்தம் செய்த வண்டியோடு வீட்டுக்கு ஓடினேன். மாடம் இருட்டாக இருந்தது. விளக்கு மொட்டை மாடியில், துளசித் தொட்டியருகே எரிந்துகொண்டிருந்தது.

"இங்க எப்பலேர்ந்து ஏத்தறே?"

"அஞ்சு நாளா. சொன்னா கேட்டாத்தானே? அதான் விளக்கை நகர்த்திட்டேன். ராத்திரி ஜன்னலையும் திறந்து வெச்சேன். கொசு கடிக்குதுன்னு நீங்கதான் கத்தினீங்க."

ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது பைக் ராத்திரியில் வாசலில், சங்கிலியோடு நிற்கிறது. டாப்பை மூடுவது என் வேலை, முகர்ந்து பார்ப்பது அவள் வேலை. அவள் "ஏங்க" என்று ஆரம்பித்தாலே நான் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன்.

நேற்றுகூட வாசலில் நின்று, "இன்னிக்கு வாழைக்காய்" என்றாள்.

நான் மறுக்கவில்லை.