குதிரைத்திறனா? சுமைத்திறனா?



சபுர் சென்ற பிள்ளை ஊர் திரும்பினால், நம் இல்லங்களில் முதல் வாரம் விருந்து. இரண்டாம் வாரம் ஆலோசனை. "இனி இங்கேயே ஏதாவது செய்து பிழைக்கலாம்" என்ற பேச்சு எழும். கடை வைப்பதா, வண்டி வாங்குவதா என்ற கேள்வி பிறக்கும். இன்று வண்டி என்றாலே பலருக்கும் பிக்கப் வண்டிதான் நினைவில் முந்தி நிற்கிறது. அரபு மண்ணில் ஓட்டிப் பழகிய பெரிய வண்டியின் மீது இளைஞர்களின் மனம் செல்வது இயல்பே. ஆனால், எந்த வண்டி வலிமை மிக்கது என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? அதைப் பற்றியே உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

காரைக்குடியில் கட்டுமானப் பொருள் வணிகம் செய்பவன் நான். என் கடைச் சரக்கில் பெரும்பகுதி ஆத்தங்குடிப் பூக்கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கப்படும் இக்கல் பார்வைக்கு மென்மையானது, எடையிலோ கடுமையானது. ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 4 கிலோ. முந்நூறு சதுர அடிக் கூடத்துக்கு அனுப்பினால் 1,200 கிலோ ஆகிவிடும். பல்லாண்டுகளாக இச்சரக்கை வாடகை வண்டிகளில் ஏற்றி அனுப்பியதில், வண்டிகளைக் குறித்து ஓரளவு அறிந்துகொண்டேன்.

என் சகோதரியின் மகன் தம்மாமில் பதினோரு ஆண்டுகள் ஓட்டுநராக உழைத்துத் திரும்பினான். சேமிப்போடு கடனும் சேர்த்து டொயோட்டா ஹைலக்ஸ் வாங்கி, வாடகைக்கு ஓட்டுவது அவனுடைய திட்டம்.

"மாமு! 204 குதிரைத்திறன்! இந்த வட்டாரத்தில் இதற்கு ஈடான வண்டி உண்டா?" என்றான்.

"இல்லை தம்பி. ஆனால், அதில் எதை ஏற்றப் போகிறாய்?" என்று கேட்டேன்.

அவன் மௌனமானான். அந்த மௌனத்திற்குள் ஒரு குடும்பத்தின் பதினோரு ஆண்டு வியர்வை இருந்ததை நான் அறிவேன். ஆகவே தாளும் பேனாவும் எடுத்து, அவனை அருகில் அமர்த்திக்கொண்டேன். அன்று நாங்கள் எழுதிப் பார்த்த கணக்கு உங்களுக்கும் உதவக்கூடும்.

முதலில் குதிரைத்திறன் என்றால் என்ன? 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றலே ஒரு குதிரைத்திறன். எவ்வளவு எடை என்பதோடு எவ்வளவு விரைவு என்பதும் இதில் சேர்ந்திருக்கிறது. நின்ற வண்டியைச் சுமையோடு நகர்த்துவது சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை. இது நியூட்டன் மீட்டரில் அளக்கப்படுகிறது. எஞ்சினின் விசை சிறிதாக இருந்தாலும், கியர்ப் பெட்டி அதைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கும். அதற்கு விலையாக வேகத்தை எடுத்துக்கொள்ளும். 

இப்போது வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்.

2005இல் வந்த டாடா ஏஸ், நம் மக்கள் செல்லமாகக் 'குட்டி யானை' என்று அழைப்பது. இரண்டே சிலிண்டர், வெறும் 16 குதிரைத்திறன். ஆனால் சுமந்ததோ முக்கால் டன். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், 55 குதிரைத்திறனில் ஒன்றேகால் டன் ஏற்றியது. மஹிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப்பின் பெரிய வகை, 80 குதிரைத்திறன் அளவில் இரண்டு டன் வரை தாங்குகிறது.

மறுபக்கம், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸூ வி-கிராஸ்: 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். 2022இல் நம் நாட்டுக்கு வந்த ஹைலக்ஸ்: 204 குதிரைத்திறன், தானியங்கி கியர் வகையில் 500 நியூட்டன் மீட்டர். எஞ்சின் வலிமையில் இவ்விரண்டில் ஹைலக்ஸே முந்துகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் நாட்டில் விற்கப்படும் ஹைலக்ஸ், இரட்டைக் கேபின் கொண்ட சொகுசு வகை. அதன் சுமை அளவு அரை டன் அளவில்தான். என் பூக்கல் 1,200 கிலோவை இதில் ஏற்ற முடியாது. தோஸ்த் ஒரே நடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்!

அப்படியானால் அத்தனை குதிரைகளும் எதற்கு? மணல்மேட்டில் ஏறவும், பின்னால் இழுவை வண்டி கட்டி இழுக்கவும், நெடுஞ்சாலையில் விரையவும். வேகம் இருமடங்கானால், காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். அரபு நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு அது தேவை. ஆத்தங்குடியிலிருந்து தேவகோட்டைக்குக் கண்மாய்க் கரையோரம் நாற்பது ஐம்பதில் செல்லும் நமக்கு எதற்கு? இளையான்குடியின் குறுகலான தெருவில் 5.3 மீட்டர் நீள ஹைலக்ஸைத் திருப்புவதைவிட, 3.8 மீட்டர் ஏஸைத் திருப்புவது எளிதன்றோ!

வலிமையின் மற்றொரு பாதியை நாம் மறந்துவிடுகிறோம். இழுப்பது மட்டும் ஆற்றலன்று, நிறுத்துவதும் ஆற்றலே. எஞ்சின் இழுக்கிறதே என்று அளவை மீறி ஏற்றினால், பிரேக்கும் டயரும் அச்சும் அதற்கு உடன்படா. மிகைச் சுமைக்கு 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விதித்த அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அபராதத்தைக் கட்டிவிடலாம், எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையின் உயிருக்கு என்ன கட்டுவது?

கணக்கின் கடைசி வரி விலை. பெரிய வண்டி சாலைக்கு வரும்போது 30 லட்சம் ரூபாயைத் தாண்டும். சுமை வண்டி அதில் பாதியும் ஆகாது. முதலாவதற்குக் கடன் வேண்டும். கடனோடு வட்டியும் வரும். இரண்டாவது, பதினோரு ஆண்டுச் சேமிப்புக்குள் அடங்கும். வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு மஞ்சள் எண்பலகை கட்டாயம் என்பதையும் மறவாதீர்கள்.

தங்கை மகன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு ஒரு மாதம் பிறர் வண்டியில் கூலிக்கு ஓட்டினான். எந்தச் சரக்கு, எத்தனை எடை, எத்தனை நடை என்று நாள்தோறும் குறித்தான். அதன்பின் வாங்கியது ஒரு சுமை வண்டி. கடன் இல்லை, எனவே மாதத் தவணை பற்றிய கலக்கமும் இல்லை. அல்ஹம்து லில்லாஹ்!

பெரிய வண்டியைப் பழிப்பது என் நோக்கமன்று. கொடைக்கானல் மலைப்பாதையில் குடும்பத்தோடு செல்பவருக்கும், சேற்று வழியில் தோட்டம் வைத்திருப்பவருக்கும் அது உற்ற துணை. வசதியுள்ளோர் வாங்கட்டும், மகிழட்டும். ஆனால் பிழைப்புக்காக வண்டி வாங்குவோர் விளம்பரத்தில் குதிரைகளை எண்ணுவதற்கு முன், தங்கள் ஊரில் கிடைக்கும் சுமையை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை நாளை ஊர் திரும்பி வண்டி வாங்க விரும்பினால், தடுக்காதீர்கள், அதட்டாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, "எதை ஏற்றப் போகிறாய்?" என்று அன்போடு கேளுங்கள். மற்றதை அவனே கணக்குப் போட்டுக்கொள்வான், இன்ஷா அல்லாஹ்.