கழுவ முடியாத தரை

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் நாங்கள் ஏழாண்டுகள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் கூடத்தில், சுவரிலிருந்து சுவர்வரை ஒரு கம்பளம் பதிக்கப்பட்டிருந்தது. வெளிர் சந்தன நிறம். அதன்மேல் விழுவது எதுவாயினும் பளிச்செனத் தெரியவேண்டும் என்றே தேர்ந்தெடுத்தார்களோ என்று ஐயுறத்தக்க நிறம். தமிழில் ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்போம். வரவேற்பு முடிந்ததும் சுருட்டி எடுத்துவைப்போம். இந்தக் கம்பளத்தைச் சுருட்ட முடியாது. ஓரங்களில் ஆணிப்பட்டைகள் அறைந்து, அவற்றின் பற்களில் இழுத்து மாட்டியிருப்பார்கள். அடியில் பஞ்சுமெத்தை போன்ற ஒரு படுகை. அதற்கும் அடியில் என்ன இருக்கிறதென்று குடியிருப்பவர் பார்ப்பதேயில்லை.

2015 டிசம்பரில், பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக அம்மா வந்தார். எங்கள் இருவரில் யாருடைய தாய் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருவர் அம்மா என்போம், மற்றவர் அத்தை என்போம். குற்றத்தில் இருவருக்கும் சமபங்கு என்பதால் இக்கட்டுரையில் அவர் அம்மாவாகவே இருக்கட்டும். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், சிவப்புச் சிமெண்டுத் தரையில் நாற்பதாண்டுகள் வாழ்ந்தவர். வெள்ளிக்கிழமை தோறும் வாளி வாளியாய் நீரூற்றி, தென்னந் துடைப்பத்தால் வாசல்வரை தள்ளிக் கழுவிவிட்டால்தான் அவருக்கு வீடு வீடாகும். எங்கள் கூடத்தில் காலை வைத்ததும் ஒரு கணம் நின்றார். கால்விரல்களால் அழுத்திப் பார்த்தார். “இதை எப்படிக் கழுவறது?” என்றார். கழுவக் கூடாது, இயந்திரத்தால் தூசியை உறிஞ்சத்தான் வேண்டும் என்று விளக்கினோம். “கழுவ முடியாத தரையும் ஒரு தரையா?” என்றார். சிரித்துவிட்டு, கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சொல்லத் தொடங்கினோம். சாப்பாட்டு மேசைக்கு அப்பால் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடத்தில் உட்காரக் கூடாது. காலி செய்கையில் பழுது இருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் வாரத்திலேயே அம்மாவின் கையிலிருந்த காப்பி சிறிது சிந்தியது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் காகிதத் துண்டுகளோடு பாய்ந்தோம். அவர் முந்தானையால் துடைக்கக் குனிந்தபோது, “தேய்க்காதீங்க, தள்ளுங்க” என்று அவர் கையை விலக்கினோம். சொன்னது சரிதான். கம்பளத்தில் சிந்தியதை ஒற்றவேண்டும், தேய்க்கக் கூடாது. பழைய நாட்களில் மை ஒற்றும் தாளால் ஒற்றியெடுத்தோமே, அதுபோல. ஓரத்திலிருந்து நடுநோக்கி ஒற்றினால் கறை பரவாது. தேய்த்தால் இழைகளின் முறுக்குப் பிரிந்து, கறை போன பின்னும் இடம் சொரசொரத்து நிற்கும். குளிர்ந்த நீரும் காகிதமுமாகக் கால்மணி நேரத்தில் காப்பி தடயமின்றிப் போயிற்று. அம்மா அவ்வளவு நேரமும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு எங்களுக்குக் காப்பிக் கறை போனதுதான் பெரிதாகப் பட்டது.

பிப்ரவரியில் குழந்தை பிறந்தது. அம்மா பூண்டுக் குழம்பும் மிளகும் மஞ்சளும் நல்லெண்ணெயுமாகப் பத்தியச் சமையல் செய்தார். ஒருநாள் காலை, சோபாவுக்கு முன்னால் ஊரிலிருந்து கொண்டுவந்த கோரைப்பாய் விரிந்திருந்தது. குழந்தையைக் கிடத்த என்றார். ஜூன் மாதம் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், சோபாவை இரண்டடி முன்னால் நகர்த்திப் போட்டிருந்தார். பாய் சுருண்டு மூலைக்குப் போயிருந்தது. குழந்தை தவழும்போது கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்ளாமல் இருக்க என்றார். பாட்டியின் முன்யோசனை என்று பாராட்டினோம்.

2019 ஜூலையில் வீட்டைக் காலி செய்ய முடிவாயிற்று. சோபாவை வாங்கிக்கொண்டவர்கள் அதைத் தூக்கிச் சென்ற பிறகு, தரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு மஞ்சள் வட்டம் இருந்தது. மூன்றாண்டுகள் கழித்தும் நிறம் மங்கவில்லை. கறையைவிட அதைச் சுற்றியிருந்த இடம்தான் எங்களை நிறுத்திவைத்தது. இழைகள் முறுக்கவிழ்ந்து பஞ்சாய் நின்றன. சோப்பு காய்ந்து விறைத்து, அதில் தூசி ஒட்டி ஒரு சாம்பல் வளையம். யாரோ வெகுநேரம், பலமுறை, தனியாகத் தேய்த்திருக்கிறார்கள். யார் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இத்தகைய கம்பளங்களில் பல நைலான் இழையால் ஆனவை. ஜார்ஜியா மாநிலத்து டால்டன் நகரைக் கம்பளத் தலைநகர் என்றே அழைக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வட்டாரத்துப் பெண்ணொருத்தி கையால் குஞ்சம் தைத்த படுக்கை விரிப்புகளில் தொடங்கிய தொழில் அது. 1986இல் டுபாண்ட் நிறுவனம் ‘ஸ்டெய்ன்மாஸ்டர்’ என்ற பெயரில் கறை பிடிக்காத நைலானைக் கொண்டுவந்தது. நைலானில் அமிலச் சாயங்கள் போய் ஒட்டக்கூடிய இடங்களை முன்கூட்டியே வேறொரு வேதிப்பொருளால் நிரப்பிவிடுவதே இவ்வகைக் கம்பளங்களின் சூட்சுமம். குழந்தைகள் குடிக்கும் சிவப்புப் பானங்களுக்கு எதிராக அது நன்றாகவே நிற்கும். மஞ்சளிடம் செல்லாது. மஞ்சளின் நிறமியான குர்குமின் நீரில் ஏறக்குறைய கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். குழம்பில் மிதக்கும் நல்லெண்ணெய் அதைக் கையைப் பிடித்து இழைக்குள் அழைத்துச்சென்று விட்டுவிட்டு வருகிறது. நூற்றாண்டுகளாகத் துணிக்குச் சாயமேற்றிய பொருள் ஒன்று, தன் தொழிலைத்தான் செய்கிறது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தபால்பெட்டியில் வந்து விழுந்த சலுகைச் சீட்டு: மூன்று அறைகள், 79 டாலர். அழைத்தோம். ஓர் இளைஞர் சிறிய இயந்திரத்தோடு வந்தார். என்ன கறை, எப்போது விழுந்தது என்று எதுவும் கேட்கவில்லை. முன்தெளிப்புக்குத் தனிக்கட்டணம், கறைக்குத் தனி, வாசனைக்குத் தனி, இனிமேல் கறை பிடிக்காமலிருக்கும் பூச்சுக்குத் தனி என்று தொகை 260 ஆயிற்று. (வீட்டைக் காலிசெய்கிறவர்கள் எதற்காக அந்தப் பூச்சை வாங்கினோம் என்று கேட்காதீர்கள்.) அவர் தெளிப்பானை அழுத்தினார். மஞ்சள் வட்டம் எங்கள் கண்முன் செக்கச்செவேலென மாறியது. அவர் பின்வாங்கி, “இது ரத்தமா?” என்றார்.

தமிழ்நாட்டில் ஆரத்தித் தட்டைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அதில் வியப்பில்லை. மஞ்சள்நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கும்; குங்குமம் செய்வதும் அவ்வழியே. மஞ்சள் தடவிய தாள் காரத்தில் சிவப்பதைப் பள்ளிக்கூடத்திலும் படித்தோம். கம்பளம் துப்புரவு செய்யும் பெரும்பாலான தெளிப்புகள் காரத்தன்மை கொண்டவை. அவர் எங்கள் கூடத்தின் நடுவில் ஆரத்தி கரைத்திருந்தார். பிறகு தூரிகையால் முரட்டுத்தனமாகத் தேய்த்து, வெந்நீர் பாய்ச்சி, பாதியை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போனார். இரண்டு நாள் ஈரம் காயவில்லை. நனைந்த நாயின் வாடை. மூன்றாம் நாள் வட்டம் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது, செம்மஞ்சளாக. அடிப்படுகைக்குள் இறங்கிய நீர், காயக் காய விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகள் வழியே மேலேறி, கரைத்த நிறத்தையும் கூடவே கொண்டுவந்து நுனியில் விட்டிருக்கிறது.

நியூ ஜெர்சியில் சட்டம் குடியிருப்போருக்குச் சற்று அனுகூலமானது. ஒன்றரை மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. காலி செய்த 30 நாட்களுக்குள், பிடித்தங்களின் கணக்கோடு திருப்பித் தந்துவிட வேண்டும். புழங்கித் தேய்ந்ததற்குப் பிடிக்கக் கூடாது. மஞ்சள் வட்டத்தைத் தேய்மானம் என்று வாதிடும் துணிவு எங்களுக்கு இல்லை. ஐ.ஐ.சி.ஆர்.சி. என்றொரு அமைப்பு 1972 முதல் இத்தொழிலில் ஈடுபடுவோருக்குப் பயிற்சியும் சான்றும் அளித்துவருகிறது. அதன் பட்டியலில் எங்கள் வட்டாரத்துக்காரர்களைத் தேடினோம். சான்றிதழ் ஒன்றே ஒருவரை நல்ல வேலைக்காரர் ஆக்கிவிடாது. தொலைபேசியில் மூவரிடம் பேசினோம். இருவர் விலையைச் சொன்னார்கள். மூன்றாமவர் விலை சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

என்ன விழுந்தது? எத்தனை காலம் ஆயிற்று? இதுவரை அதன்மேல் என்னென்ன போட்டீர்கள்? வெயில் படும் இடமா? ஒவ்வொன்றுக்கும் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னோம். அவர் குரலில் குறைகூறல் இல்லை. மருத்துவர் நாவை நீட்டச் சொல்வதுபோலத்தான் இருந்தது. “மஞ்சள் என்றால் மஸ்டர்டில் போடுவதுதானே?” என்றார். அமெரிக்கர்கள் ஹாட்டாகின் மேல் பிழியும் கடுகு விழுதின் மஞ்சள் நிறம் நம் மஞ்சளால் வருவதே என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் அந்தக் கறையோடு முப்பதாண்டுகள் மல்லுக்கட்டியவர். வந்து பார்த்தபின்தான் சொல்லமுடியும், குறைந்தபட்சக் கட்டணம் 125 டாலர், முழுதாகப் போகுமென்று உறுதிதர மாட்டேன் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே வரச்சொன்னோம்.

மறுநாள் வந்தவர் முதலில் துணி அலமாரியைத் திறந்து, யாரும் பார்க்காத மூலையிலிருந்து நான்கைந்து இழைகளை வெட்டித் தீயில் காட்டினார். கருகாமல் உருகி உருண்டையாயிற்று. கம்பளி என்றால் மயிர் பொசுங்கும் நாற்றம் வந்திருக்கும், இது நைலான், கொஞ்சம் துணிந்து வேலைசெய்யலாம் என்றார். ஒவ்வொரு மருந்தையும் அதே மூலையில் ஒரு சொட்டு விட்டு, கம்பளத்தின் சொந்த நிறம் போகிறதா என்று பார்த்த பிறகே கூடத்துக்கு வந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து வட்டத்தின் விளிம்பைத் தடவினார். “யாரோ மிகவும் பாடுபட்டிருக்கிறார்கள்” என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் லேசான அமிலக் கரைசல். செம்மை தணிந்து மஞ்சளாயிற்று. முன்னவர் விட்டுச்சென்ற காரம் முறிந்தது. பிறகு சாராயம் கலந்த கரைப்பானை வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். துணி மாறிக்கொண்டே இருந்தது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மஞ்சள். அதன்பின் மருந்துக்கடையில் மூன்று சதவீதமாக விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. ஒன்றரை மணி நேரத்தில் கறை பாதியாயிற்று. அதற்குமேல் தேய்ப்பதில் பயனில்லை என்று எழுந்து, கண்ணாடிக் கதவின் திரைச்சீலையை முழுவதும் விலக்கினார். தெற்குப் பார்த்த கதவு. ஜூலை வெயில் கூடத்துக்குள் விழுந்தது. இந்தச் சாயம் ஒளியைத் தாங்காது, மீதியை அது பார்த்துக்கொள்ளும், தினமும் நண்பகலில் பெராக்சைடு லேசாகத் தெளியுங்கள் என்றார். அதிலும் போகாவிட்டால், அலமாரிக்குள்ளிருந்து ஒரு துண்டை வெட்டி இங்கே பதிக்கலாம், ஆனால் இப்போது அந்தச் செலவு வேண்டாம் என்றார். பூச்சு எதையும் விற்கவில்லை. நாங்கள் கேட்காமலே, முன்னவரின் ரசீதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

பத்து நாட்கள் அந்தக் கூடத்தில் வெயிலின் பின்னால் அலைந்தோம். அட்டைப்பெட்டிகளின் நிழல் விழாதபடி காலையில் ஒருபுறம், மாலையில் மறுபுறம் நகர்த்தினோம். ஒவ்வொரு நாளும் வட்டம் ஒரு படி வெளுத்தது. பத்தாம் நாள், இருந்த இடம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. ஒரு சோபா மூன்றாண்டுகள் வெளிச்சத்தை மறைத்து அதைக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறது.

அலுவலகத்திலிருந்து சோதிக்க வந்தவர் நான்கு நிமிடங்களில் வேலையை முடித்தார். அடுப்பைத் திறந்து பார்த்தார். சரியாக அந்த இடத்தின்மேல் நின்றுகொண்டு, சன்னல் மறைப்பில் ஒரு பட்டை உடைந்திருப்பதைக் குறித்துக்கொண்டார். அதற்கு 45 டாலர் பிடித்தார்கள். கீழ்வீட்டுக்காரர் பிறகு சொன்னார்: நாங்கள் வெளியேறிய மறுவாரமே அந்தக் கம்பளம் முழுவதையும் பிய்த்துச் சுருட்டிக் குப்பைத்தொட்டி அருகே போட்டிருந்தார்களாம்.

புதுவீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறன்று அம்மாவோடு பேசினோம். பழைய சாமான்களை என்ன செய்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், “சோபா?” என்றார். விற்றுவிட்டோம் என்றோம். மறுமுனையில் பேச்சில்லை. கறை போய்விட்டது அம்மா, சுத்தமாகப் போய்விட்டது என்றோம்.

சற்றுப் பொறுத்துச் சொன்னார். ராத்திரி இரண்டு மணி. குழந்தைக்குப் பால் கொடுத்தபின் பசிக்கிறது என்றதால் சோறு பிசைந்து எடுத்துவந்திருக்கிறார். இருட்டில் கால் இடறியிருக்கிறது. எழுப்பினால் தூக்கம் கெடும் என்று தானே சோப்புக்கட்டியைக் கொண்டுவந்து தேய்த்திருக்கிறார். “சோப்புப் போட்டதும் ரத்தமாச் செவந்துபோச்சு. எத்தனை ஆரத்தி கரைச்ச கை, எனக்குத் தெரியாதா, மஞ்சள்தான்னு. ஆனா அந்த நேரத்துல, குழந்தை பொறந்த வீட்டுல, அதைப் பாத்ததும் கையெல்லாம் நடுங்கிடுச்சு. நீங்க வேற வைவீங்களோன்னு…”

நாங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அவர் அதற்குள் வேறெங்கோ போயிருந்தார். “வெயில்ல போட்டிருந்தா ஒரே நாள்ல போயிருக்கும். மஞ்சக் கறைக்கு வேறென்ன வைத்தியம்? தூக்கிக் கொண்டுபோய்க் கொடியில போட முடியலையே. சுவத்தோட ஆணி அடிச்சில்ல வச்சிருந்தான்.”

பிறகு புதுவீட்டில் என்ன தரை என்று கேட்டார். மரம் என்றோம். “அப்பாடா, கழுவிக்கலாம்” என்றார். அதையும் கழுவ முடியாது என்று நாங்கள் சொல்லவில்லை.