இரண்டு அறையும் ஒரு சாவியும்

கோடைக்கு உதகமண்டலம் போய் வருவது மிகவும் சுலபமான காரியம் என்றுதான் நாம் வெகு காலமாக எண்ணிக்கொண்டிருந்தோம். சென்னையில் இரவு ரயிலேறினால் விடியற்காலையில் மேட்டுப்பாளையம். அங்கே மலை ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டால், பாக்கிக் காரியத்தை இஞ்சின் பார்த்துக்கொள்ளும். 1899-ம் வருஷத்தில் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகமண்டலம் வரையிலும் போட்ட பாதை அது. 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறுகிறது. செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு ரயில் ஏறுகிற அழகைப் பார்த்தால், மனிதனால் ஆகாத காரியமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் ஒரு காரியம் இருக்கிறது. வீட்டில் பதினாறு வயதில் ஒரு பெண்ணும், பதின்மூன்று வயதில் ஒரு பையனும், எழுபத்துநாலு வயதில் ஒரு பாட்டியும் இருந்தால், அவர்களுக்கு ஹோட்டலில் அறை ஏற்பாடு செய்து பாருங்கள். அந்த ஏற்றத்தில் பிடித்துக்கொள்ள எந்த இரும்புச் சட்டமும் கிடையாது!

தொல்லை முதற் கேள்வியிலேயே ஆரம்பித்தது. இக்காலத்தில் அறை வேண்டுமானால் கைபேசியைத் தட்டவேண்டும். அது உடனே, "பெரியவர்கள் எத்தனை பேர்? குழந்தைகள் எத்தனை பேர்?" என்று கேட்கிறது. நாம் சிறிதும் தயங்காமல், "பெரியவர்கள் மூன்று, குழந்தைகள் இரண்டு" என்று பதில் கொடுத்தோம். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பெண், "யார் அப்பா அந்த இரண்டு குழந்தைகள்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ரயில்வேக்காரர்களைக் கேட்டால், பன்னிரண்டு வயது நிறைந்தவுடனே முழு டிக்கெட் வாங்கச் சொல்கிறார்கள். ஆகவே அவர்கள் கணக்கில் நம் பையன்கூடப் பெரிய மனிதன். தேர்தல் அதிகாரியைக் கேட்டால் பதினெட்டு என்பார். அதுவும் 1989-ம் வருஷம் முதல்தான். அதற்கு முன் இருபத்தொன்று. சினிமாத் தணிக்கைக்காரர்களோ 2024-ம் வருஷத்திலிருந்து ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஹோட்டல்காரர்களுக்குள் ஒருமித்த அபிப்பிராயமே இல்லை. ஒருவர் ஐந்து வயதுவரை இலவசம் என்கிறார். இன்னொருவர் பன்னிரண்டுவரை என்கிறார். இவ்வளவு பேருக்கும் அவரவர் கணக்கு இருக்கும்போது, பெற்ற தகப்பனுக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கக்கூடாதா? நம் கணக்கில் இரண்டும் குழந்தைகளே.

ஆகையால், ஒரே பெரிய அறை, ஒரு பெரிய கட்டில், கூடுதலாக இரண்டு மெத்தை என்று திட்டம் போட்டோம். மூன்று இரவுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்பதையும் கணக்குப் போட்டு வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னோம். நாம் சிறுவனாயிருந்தபோது திருச்செந்தூர்ச் சத்திரத்தில் ஒரே கூடத்தில் பதினாலு பேர் படுத்துறங்கிய வரலாற்றையும் எடுத்துச் சொன்னோம்.

பெண் வரலாற்றை முழுவதும் கேட்டாள். பிறகு, "நான் வரவில்லை, அப்பா. நீங்கள் எல்லாரும் போய்விட்டு வாருங்கள். நான் சித்தி வீட்டில் இருக்கிறேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நாமும் கோபித்துக்கொண்டிருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நமக்குத்தான் என்னமோ செய்தது. பூங்கா, படகு, தொட்டபெட்டா என்று இத்தனை ஏற்பாடும் யாருக்காக?

அன்றிரவு நம் சகதர்மிணி விஷயத்தை விளக்கினாள். "நீங்கள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தீர்கள். அவள் எங்கே உடை மாற்றிக்கொள்வாள் என்று பார்த்தீர்களா? அவளுக்கு உடம்பு சௌகரியமில்லாத நாளாக இருந்தால் தம்பியையும் உங்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? சத்திரத்தில் பதினாலு பேர் தூங்கினீர்கள், சரி. அதில் எத்தனை பெண்பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று யாராவது கேட்டீர்களா?"

நாம் கேட்டதில்லை.

ஆகவே இரண்டு அறை என்று தீர்மானமாயிற்று. அப்புறம் யார் எந்த அறையில் என்ற பிரச்னை. அக்காவும் தம்பியும் ஓர் அறையில் என்றால் இருவருமே ஒப்பவில்லை. ஆண்கள் ஓர் அறை, பெண்கள் ஓர் அறை என்றோம். அது நம் குடும்பங்களில் பழகிய ஏற்பாடு. ஆனால் மூன்று பெண்களுக்கு ஒரு கட்டில் போதாது. கடைசியில் பாட்டியே தீர்த்துவைத்தாள். "நானும் என் பேத்தியும் ஓர் அறை. நீங்கள் மூன்று பேரும் இன்னொன்று" என்றாள். அடுத்தடுத்த அறைகளாக இருக்கவேண்டும் என்று குறிப்பு எழுதி, பணமும் கட்டிவிட்டோம்.

நண்பகலில் மலை ரயிலை விட்டிறங்கி ஹோட்டலுக்குப் போனோம். ஓர் அறை தரை மட்டத்தில் இருந்தது. மற்றொன்று இரண்டாவது மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. "அடுத்தடுத்த அறை என்று எழுதியிருந்தோமே!" என்றோம். "அது உங்கள் வேண்டுகோள், சார். உறுதி என்று நாங்கள் சொல்லவில்லையே" என்று மேஜைக்குப் பின்னாலிருந்தவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். கோடைக் கூட்டத்தில் வேறு அறை காலியில்லை.

வாசகர்களுக்குப் பயன்படுமென்று, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை இங்கே சொல்லிவிடுகிறோம். பணம் கட்டுமுன் ஹோட்டலுக்கே டெலிபோன் செய்து, இரண்டு அறையும் எந்த மாடியில், பக்கத்தில்தானா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதியவர் உண்டானால் படி எத்தனை என்று கேளுங்கள். பிள்ளைகளின் வயதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்தால் வாசலில் வந்து வாதாட நேரும். அவர்களுடைய அடையாளச் சீட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். மலையூரில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்பது மிகவும் முக்கியம். இன்னொன்று: 2025 செப்டம்பரிலிருந்து, நாளொன்றுக்கு 7,500 ரூபாய்வரை வாடகையுள்ள அறைக்கு வரி நூற்றுக்கு 5; அதற்கு மேற்பட்டால் 18. வாடகை வரம்பைத் தாண்டும் ஒரு பெரிய அறையைவிட, வரம்புக்குள் அடங்கும் இரண்டு சிறிய அறைகளே சில சமயம் லாபமாக இருக்கும். மிச்சம் பிடிக்கப் புறப்பட்ட நாம் இந்தக் கணக்கை மட்டும் போடத் தவறிவிட்டோம்!

சரி, கதைக்கு வருவோம். பாட்டிக்குப் படியேற முடியாதாகையால், கீழறை அவளுக்கும் பேத்திக்கும் என்றாயிற்று. பெண் சாவியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள். யார் தட்டினாலும் குரல் கேட்டுத் திற. ஜன்னலைப் பார்த்துக்கொள்" என்று அடுக்கிக்கொண்டே போனோம். "சரி அப்பா, சரி அப்பா" என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இரவு பதினொரு மணி ஆகியும் நமக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு மாடிக்குக் கீழே நம் பெண் இருக்கிறாள். நடுவில் எத்தனை கதவு, எத்தனை அந்நியர்கள்! சால்வையைப் போர்த்துக்கொண்டு கீழே இறங்கினோம். கதவு சாத்தியிருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினோம்.

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. "பதினேழு வயதில் எனக்குக் கல்யாணம். போன வீட்டில் பதினோரு பேர். அழவேண்டுமென்று தோன்றினால்கூட, கிணற்றடிக்குத் தண்ணீர் இறைக்கப் போகவேண்டும், கண்ணு. சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை" என்று நம் தாயார் சொல்லிக்கொண்டிருந்தாள். பேத்தி மெதுவாக ஏதோ கேட்டாள். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தக் கிணற்றடியை நாம் அறிவோம். அதன் துவைகல்லில் உட்கார்ந்து விளையாடியிருக்கிறோம். அம்மா அங்கே அழுதாள் என்பது நமக்கு அன்றுவரை தெரியாது. தூக்கிய கையை இறக்கிக்கொண்டு, வந்த வழியே மாடியேறினோம்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு அறையில் பெண் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"அப்பா, ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் அறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது" என்றாள்.

"அப்படியா? யாராயிருக்கும்?" என்றோம்.

"தெரியவில்லை. ஆனால் தட்டாமல் போய்விட்டார். நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும்."

பாட்டி இட்லியைப் பார்த்துச் சிரித்தாள். நாம் காப்பியை ஆற்றுவதில் மிகவும் கவனமாயிருந்தோம்.