நான் திருகிய காது

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்கிற என் பிள்ளைகளாவது கடைசி வரை படித்துவிடுங்கள். நான் செய்த ஒரு தவறும் இதில் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் உறவினர் வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு முன் வரிசையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து பார்த்தே அடையாளம் தெரிந்துவிட்டது. 1990-இல் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவன் மனைவிதான் திரும்பிப் பார்த்து அவன் தோளைத் தட்டினாள்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர், இப்பல்லாம் இவருக்கு எதையும் ரெண்டு தடவை சொல்லணும். வீட்ல டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது" என்றாள்.

அவன் சிரித்தான். "எனக்கு நல்லாத்தான் கேக்குது டீச்சர். எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க."

பேசிக்கொண்டிருந்ததில் விவரம் தெரிந்தது. ஐடிஐ முடித்துவிட்டு, கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் இடங்களில் பிரஸ் ஷாப்பில் வேலை. இதுவரை மூன்று கம்பெனி மாறியாயிற்று. மொத்தம் 18 வருடம். பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அன்று இரவு தூங்க முடியவில்லை.

நாலாம் வகுப்பில் அவனுக்கு வலது காதில் சீழ் வடியும். பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் "நாத்தம் அடிக்குது டீச்சர்" என்பார்கள். நான் அவனைக் கடைசி வரிசையில் ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தேன். மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றுதான். 'சொல்வதை எழுது' நடத்தும்போது நான் 'காடு' என்றால் அவன் 'பாடு' என்று எழுதுவான். 'தட்டு' என்றால் 'கட்டு' என்று எழுதுவான். கேள்வி கேட்டால் "ஆங்?" என்பான். "கவனம் எங்கேடா இருக்கு?" என்று காதைப் பிடித்துத் திருகுவேன். எந்தக் காது என்றுகூடப் பார்த்ததில்லை.

ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருடம் குழந்தை மனவியல் படித்தவள் நான். திருக்குறளில் 42-ஆம் அதிகாரம் கேள்வி. அதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்தப் பையனுக்குக் காது கேட்கிறதா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுவாரம் அவனுக்குப் போன் செய்தேன். "ஒரு நாள் லீவு போடு, நானும் வரேன்" என்றேன். தயங்கினான். "கம்பெனிக்குத் தெரிஞ்சா கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்க டீச்சர்." அவன் மனைவிதான் பிடிவாதமாகக் கூட்டி வந்தாள். அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போனோம்.

சத்தம் நுழையாத ஒரு சின்ன அறையில் அவனை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இதுதான் ஆடியோமெட்ரி. ஊசி இல்லை, வலி இல்லை. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று தாளில் புள்ளி வைத்துக் கோடு போடுகிறார்கள். பிறகு காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் ஒரு சின்னக் கருவியை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். இப்படிப் போகிற ஒலி செவிப்பறையைச் சுற்றிக்கொண்டு நேராக உள்காதுக்குப் போய்விடும். இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டால், பழுது செவிப்பறைப் பக்கமா, உள்ளே நரம்புப் பக்கமா என்று தெரிந்துவிடுகிறது.

டாக்டரம்மா தாளை எங்களிடம் காட்டி விளக்கினார். இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. அது சத்தத்தில் வேலை செய்தவர்களின் காதில் வருகிற அடையாளமாம். வலது காதில் அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. செவிப்பறையில் பழைய ஓட்டை. "சின்ன வயசுல சீழ் வடிஞ்சுதா? அப்பவே வைத்தியம் பார்த்திருக்கணும்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் ஏரியில் குதித்ததால் காதில் சீழ் வைக்கிறது என்று நினைத்தோம். உண்மை வேறு. மூக்குக்குப் பின்புறமிருந்து நடுக்காதுக்கு ஒரு குழல் போகிறது. குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுத்த வாக்கிலும் இருக்கும். சளி பிடிக்கும்போது கிருமி அந்த வழியாக ஏறி நடுக்காதில் சீழ் கட்டுகிறது. அந்த அழுத்தத்தில் செவிப்பறை கிழிகிறது. கிழிந்த பிறகு வெளியிலிருந்து தண்ணீர் போனால் சீழ் தீராமல் தொடர்கிறது. ஆக, ஏரித் தண்ணீர் ரணத்தை ஆறவிடாமல் செய்வது. ஆரம்பித்து வைப்பது சளி.

ஓட்டையை அறுவை சிகிச்சையால் மூடலாம் என்றார் டாக்டரம்மா. காதுக்குப் பக்கத்திலிருந்தே மெல்லிய சவ்வு எடுத்து ஒட்டுகிறார்களாம். ஆனால் அந்த 4000 ஹெர்ட்ஸ் பள்ளம் திரும்பி வராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஏன் வராது? வீட்டுக்கு வந்து படித்தேன். படித்ததை உங்களுக்குப் பாடம் நடத்துவது போலவே சொல்கிறேன்.

நம் உள்காது நத்தை ஓடு போலச் சுருண்டது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி வரும்போது அவற்றின் நுனியில் உள்ள மெல்லிய இழைகள் அசைந்து, அந்த அசைவு நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. பலத்த சத்தம் தொடர்ந்து அடித்தால் இந்தச் செல்கள் களைத்துப்போகும். ஷிஃப்ட் முடிந்து வரும்போது காது அடைத்தது போலவோ 'ங்ஙொய்' என்றோ இருக்கிறதே, அது அந்தக் களைப்பு. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். நாள் தவறாமல் அடித்தால் செத்துவிடும். செத்தது மறுபடி முளைக்காது. கோழிக்கும் காடைக்கும் முளைக்கிறது! 1988 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மனிதக் காதில் அதை நடத்திக்காட்ட முயன்றுகொண்டிருக்கிறார்கள். இதுவரை மருந்துக்கடையில் கிடைக்கிற மாதிரி எதுவும் வரவில்லை.

முதலில் போவது உயர்ந்த சுருதி. நாம் பேசும்போது ஆ, ஓ போன்ற உயிரொலிகள் பலமாக வரும். க், ச், ட், த், ப் போன்ற மெய்யொலிகள் மெல்லியவை. ஆகவே மற்றவர் பேசுவது கேட்கும், ஆனால் என்ன சொல் என்று பிரியாது. அதனால்தான் "எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. காது போகிறவனுக்குத் தன் காது போவது தெரியாது. வலிக்காது, ரத்தம் வராது. பக்கத்தில் இருக்கிற மனைவிக்குத்தான் முதலில் தெரியும்.

இது புதுச் செய்தியும் இல்லை. 1886-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர், கொதிகலன் செய்யும் பட்டறைத் தொழிலாளர்கள் 100 பேரின் காதைக் கடிகாரத்தின் டிக் டிக் ஒலியை வைத்தே சோதித்தார். ஒருவருக்குக்கூடக் கேட்கும் திறன் முழுதாக இல்லை. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாகச் சத்தத்தால் வரும் காது கேளாமை இருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலிலும் இருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்று அந்தத் தொழிற்சாலை விதிகள் சொல்லின. 85-ஐத் தாண்டினாலே காதைக் காக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரை. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. எனவே 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு மணி நேரம்தான் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

அவன் இன்னொன்றும் கேட்டான். "குழந்தைங்களுக்குத் தலையில மிஷின் வைக்கிறாங்களே, எனக்கு வைக்க முடியாதா?" காக்ளியர் இம்ப்ளான்ட்டைத்தான் கேட்டான். சென்னையில் டாக்டர் மோகன் காமேஸ்வரன் நிறுவிய மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்தத் துறையில் பேர் பெற்றது. செத்த செல்களைத் தாண்டி நரம்புக்கு நேராக மின்துடிப்பு கொடுக்கிற கருவி அது. செவித்திறன் பெரும்பாலும் போனவர்களுக்குத்தான் வைப்பார்கள். இவனுக்கு அந்த நிலை இல்லை, காதுக் கருவி போதும். ஆனால் உறவினர்களே, உங்கள் வீட்டுக் குழந்தை பிறவியிலேயே காது கேளாதது என்றால் நாள் கடத்தாதீர்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை உண்டு. மூளை பேச்சைப் பழகும் வயது தாண்டிவிட்டால் பலன் குறைந்துவிடும்.

நான் இந்தப் பக்கத்துக்கு வேலைக்கு வந்தபோது வயலும் ஏரியும்தான். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடி வந்தது. பிறகு ஒரகடம், வல்லம் என்று பரவியது. நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கம்பெனிகள். நான் குறை சொல்ல வரவில்லை. நீங்களும் கொஞ்சம் கவனமாக இருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆபத்து. இயர் பிளக்கைப் பையில் வைத்துப் பயனில்லை. அவனும் அப்படித்தான் வைத்திருந்தான், சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது என்று. பஞ்சு பிளக்கை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, விரியும் வரை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். வருடம் ஒரு முறை ஆடியோமெட்ரி செய்து, தாளை நீங்களே பத்திரமாக வைத்திருங்கள். கம்பெனி மாறினாலும் அந்தத் தாள் உங்களோடு வரும். சோதனைக்கு முந்தைய நாள் சத்தத்தில் நிற்காதீர்கள், இல்லாவிட்டால் களைப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். காதில் காய்ச்சிய எண்ணெய், ஊக்கு, கோழி இறகு எதுவும் வேண்டாம்.

என்னிடம் படித்து இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கும் ஒன்று. "ஆங்?" என்கிற பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள். முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் அம்மா அப்பாவை அழைத்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். காதில் கை வைக்காதீர்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வண்டிச் சத்தத்தில் முதலில் சரியாகக் கேட்கவில்லை. இறங்கிய பிறகு அவன் முகத்துக்கு நேராக நின்று திரும்பச் சொன்னேன். "விடுங்க டீச்சர், அப்ப யாருக்குத் தெரியும்" என்றான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் இருந்த ஒரே பெரியவள் நான்தான்.

வலது காது ஆபரேஷனுக்குத் தேதி கேட்டிருக்கிறோம். ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனியில் எழுதிக் கொடுத்திருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. பெயர் போடாமல் எழுதச் சொல்லி அவன்தான் அனுமதி கொடுத்தான்.

பிரஸ் ஷாப், கிரைண்டிங், ஃபோர்ஜிங் பக்கம் நிற்கிற பிள்ளைகள் இந்த மாதத்துக்குள் சோதனை செய்துகொண்டு, முடிந்தது என்று எனக்கு ஒரு வரி போடுங்கள். இதையே நான் கொடுத்த வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்