பேனர்ல பாட்டி தேடுன பேரு

 

நம்ம ஆலயத்துக்கு நோட்டீஸும் பேனரும் செஞ்சு கொடுக்கிற தொண்டர்கள் நாங்க. கிராபிக் டிசைன் படிப்புக்காக நாங்க ரெண்டு பேரும் ஜோகூர் பாருவில் ஓர் அச்சகத்தில் மூன்று மாதம் பயிற்சி முடித்துவிட்டு வந்தோம். கத்துக்கிட்டதைப் பகிர்வதற்கு முன்னால், எங்க தவறைச் சொல்லிடறோம்.

வந்த சூட்டோடு ஆடித் திருவிழா பேனர் வேலை கைக்கு வந்தது. வழக்கமா நம்ம பேனர்ல இடமே இருக்காது. அம்மன் படம், குத்துவிளக்கு, பத்து நாள் உபயகாரர் பேர் எல்லாம் நெருக்கி நிக்கும். "கண்ணுக்கு ஓய்வு வேணும், இடம் விடணும்"னு படிச்சதை அப்படியே செஞ்சோம். உபயகாரர் பட்டியலை எடுத்துட்டு ஒரு கியூஆர் குறியீடு வச்சோம். வாட்சாப்ல பாராட்டு குவிஞ்சது.

மூன்றாம் நாள் சாயங்காலம், தோட்டத்துல பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு பாட்டி பேனர் முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. "என்ன பாட்டி பார்க்கறீங்க?"

"தாத்தா பேரைத் தேடறேன்யா. வருசா வருசம் மூணாம் நாள் உபயத்துல இருக்குமே."

எங்க போன்ல ஸ்கேன் பண்ணிக் காட்டினோம். எழுத்து அவங்க கண்ணுக்குத் தெரியல. "இருக்கட்டும்யா, அம்மாவுக்குத் தெரியும்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க. திட்டியிருந்தா கூட மனசு இவ்வளவு சுட்டிருக்காது. மறுநாளே உபயகாரர் பேர்களைப் பெரிய எழுத்துல தனி பேனரா அடிச்சு வாசல்ல கட்டினோம்.

பயிற்சியின் முதல் நாளே அச்சகத்து அண்ணன் கேட்டார்: "இதை யாரு படிக்கப் போறாங்க? எங்க நின்னு படிப்பாங்க?" குறிப்பேட்டில் எழுதி வச்சிருந்தோம். பாட்டி முன்னாடி நின்னப்பதான் புரிஞ்சது.

இனி, மற்ற பாடங்கள்:

1. எழுத்து உடையக்கூடாது. பாமினியில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் குழப்பம்தான். சில மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்கலைன்னா கொம்பு இடம் மாறி நிக்கும், "கோயில்" கூட சிதைஞ்சு போகும். 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். ஆப்பிள் கணினியில் உள்ள இணைமதி எழுத்துருவும் அவர் செய்ததே. அவர் நாட்டுல நம்ம பேனர்ல தமிழ் உடைஞ்சு நிக்கலாமா?

2. வாட்சாப்ல படம் சுருங்கிடும். நோட்டீஸ் அச்சுக்கு 300 டிபிஐ மூலப் படம் வேணும். திரையில் ஆர்ஜிபி, அச்சில் சிஎம்ஒய்கே. அதனால திரையில் பளிச்சுன்னு இருக்கிற குங்குமச் சிவப்பு தாளில் மங்கலாம். ஓரம் வெட்ட 3 மில்லிமீட்டர் கூடுதலா விடணும்.

3. சாமி படமும் ஒருத்தர் உழைப்பு. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைஞ்ச காலண்டர் படங்கள் எத்தனையோ பூஜை அறையில் தெய்வமா நின்னது. கூகளில் கிடைச்சதை எல்லாம் எடுக்க வேண்டாம். கையில் கொடுக்கிற நோட்டீஸ் காலடியில் விழும். அதில் கோலமோ விளக்கோ போதும். அம்மன் படம் பேனரில் மட்டும். விழா முடிஞ்சதும் அதைக் கழற்றி மடிச்சு வைக்கிறதும் எங்க வேலை.

4. நாள், திதி, நேரம், பேர் நாலையும் மூணு பேர் சரிபார்க்கணும். அதுல ஒருத்தர் கண்ணாடி போட்ட பெரியவரா இருக்கணும்.

அடுத்த விழா நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் ஆலய மண்டபத்தில் ஒட்டி வைப்போம். பெரியவங்க வந்து படிச்சுப் பார்த்து, உங்க பேர், உங்க வீட்டுப் பெரியவங்க பேர் சரியா இருக்கான்னு சொல்லுங்க. பாட்டியைக் கைபிடிச்சு அழைச்சிட்டு வர நாங்களே போறோம்.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.