உடைந்த பொருள்களின் ராஜ்யம்

சண்டிகார் செல்வோர், லெ கார்புஸியே வகுத்த நேர்கோட்டு வீதிகளையும் பிரம்மாண்டமான மாளிகைகளையும் கண்டு வியப்பது வழக்கம். நாமும் வியந்தோம்; ஒரு மணி நேரத்தில் சலித்தும் போயிற்று. ஸுக்னா ஏரியருகேயுள்ள பாறைத் தோட்டத்தில் நுழைந்த பின்னரோ, வெளியே வர மனம் வரவில்லை.

அங்கே வழிகள் பலவும் குள்ளமானவை, குனிந்துதான் செல்லவேண்டும். நமது தலை ஒரு முறை நன்றாக இடிபட்டது. "வாத்தியார் தலை இலேசில் குனியுமா?" என்றாள் நமது இல்லாள்.

உள்ளே, கொலு வைத்தாற்போல் வரிசை வரிசையாகப் பொம்மைகள். சிலவற்றின் உடுப்பு முழுவதும் உடைந்த கண்ணாடி வளையல்கள்! எத்தனை கைகளை அலங்கரித்தவையோ! வேறு சில உருவங்கள் பீங்கான் சில்லுகளைப் போர்த்து நிற்கின்றன. பானைகளை அடுக்கியே சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

இவற்றைச் செய்த நேக் சந்த் 1924-ல் பிறந்தவர். 1947-ல் தேசம் பிளவுற்றபோது அவருடைய கிராமம் பாகிஸ்தானில் சேர்ந்தது. அகதியாக வந்தவருக்குச் சண்டிகாரில் சாலை மேற்பார்வை உத்தியோகம் கிடைத்தது. அப்புதிய நகருக்காகவும் பல கிராமங்கள் இடிபட்டன. ஊரை இழந்த மனிதர், அந்த ஊர்களில் எஞ்சிய உடைசல்களைச் சைக்கிளில் சுமந்து சென்றார். 1957 வாக்கில் தொடங்கி, எவரும் எதுவும் கட்டலாகாதென்று விலக்கிய சர்க்கார் காட்டில், இரவு வேளைகளில், பல ஆண்டுகள் பரம ரகசியமாகச் சிற்பங்கள் செய்தார்.

1970-களில் விஷயம் வெளிப்பட்டது. சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் 1976-ல் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, சம்பளமும் ஆட்களும் தந்து அவரையே அதன் அதிகாரியாக்கினார்கள். சர்க்காருக்கும் சில சமயம் நல்ல புத்தி தோன்றத்தான் செய்கிறது! 2015-ல் அவர் காலமானார்.

ஒரு பீங்கான் சுவரின் முன் இல்லாள் வெகு நேரம் நின்றாள். சென்ற மாதம் வீடு மாற்றியபோது, நமது தாயார் ஊறுகாய் போட்டுவந்த ஜாடியை, வாய் விண்டுவிட்டதென்று குப்பையில் எறிந்தவர் நாமே. அப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"ஜாடியின் மூடி நம்மிடந்தான் இருக்கிறது. நான் எடுத்து வைத்தேன்," என்றாள்.