தாணேயில் ஒரு பத்தாவது ஆள்

தாணே, மகாராஷ்டிரம்

அன்புள்ள நண்பா,

மும்பையைப் பற்றி விரிவாக எழுது என்று கேட்டிருந்தாய். நான் தங்கியிருப்பது தாணேயில். மனமும் இங்கேயே நின்றுவிட்டது. அதனால் இந்தக் கடிதம் முழுக்கத் தாணேதான், அதிலும் ஒரே ஒரு குடும்பம்தான். சென்னை அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் ஒரு மராட்டிக்காரப் பையன் இருந்தாரே, நினைவிருக்கிறதா? அவர் வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. மூத்தவளுக்கு ஆறு வயது, பையனுக்கு இரண்டு. அவர் யூதர் என்று நமக்கு அப்போதே தெரியும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை உழைப்பு இருக்கிறது என்பது இங்கே வந்து கூட இருந்து பார்த்த பிறகுதான் தெரிகிறது.

இவர்கள் பெனே இஸ்ரேல் என்ற பிரிவினர். அலிபாக் அருகே நவ்காவ் கடற்கரையில் முன்னொரு காலத்தில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரையேறினார்கள், அவர்கள் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. கொங்கண் கிராமங்களில் செக்காட்டி எண்ணெய் எடுத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊர்க்காரர்கள் இவர்களைச் சனிவார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றே அழைத்தார்கள். ஓய்வுநாள், எட்டாம் நாள் விருத்தசேதனம், உணவு விலக்குகள், ஷெமா என்ற ஒரு பிரார்த்தனை. வேத நூலும் குருமாரும் இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் இவர்கள் கையில் மிஞ்சியிருந்தது ஏறக்குறைய இவ்வளவே. இவ்வளவையும் காப்பாற்றியவை வீடுகள், அதாவது அப்பா அம்மாக்கள். என் நண்பர் இன்று செய்துகொண்டிருப்பதும் அதே வேலைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகம் கிளம்புமுன் ஒரு பாத்திரத்தில் கறுப்பு உலர்திராட்சையை ஊறவைத்துவிட்டுப் போகிறார். மாலையில் அதைப் பிழிந்து வடிகட்டிய சாறுதான், மற்ற நாட்டு யூதர்கள் திராட்சை மது வைக்கும் இடத்தில் இங்கே வைக்கப்படுகிறது. நவி மும்பையில் வேலை. மழைக்காலத்தில் ரயில் தாமதமானால் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர முடியாது என்று பிற்பகல் மூன்று மணிக்கே அலுவலகத்திலிருந்து கிளம்பிவிடுகிறார். சனிக்கிழமை ஷிப்ட் கிடையாது என்பதைச் சேரும்போதே பேசி வைத்துக்கொண்டாராம். சம்பளம் சற்றுக் குறைவான வேலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். விளக்கேற்றியபின் கைபேசி அலமாரிக்குள் போய்விடுகிறது. மின்விசிறியும் கூடத்து விளக்கும் முன்னதாகவே போட்டது போட்டபடி ஓடும். மறுநாள் இருட்டும்வரை யாரும் ஸ்விட்சைத் தொடுவதில்லை.

அந்த இரவில் நடந்த ஒன்றை உனக்கு எழுத வேண்டும் என்றுதான் பேனாவையே எடுத்தேன். சாப்பாட்டுக்கு முன் இரண்டு குழந்தைகளையும் அருகே அழைத்து, ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து வாழ்த்துகிறார். உலகெங்கும் யூதத் தகப்பன்மார் வெள்ளிக்கிழமை இரவுகளில் செய்வது இது. பெண் குழந்தைக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்கள். பையனுக்கு எப்பிராயீம், மனாசே பெயர்கள். ஆபிரகாம், மோசே, தாவீது என்று அத்தனை பெரியவர்கள் இருக்க, யோசேப்பின் பிள்ளைகள் இருவரை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டேன். "அவங்க ரெண்டு பேரும் எகிப்துல பிறந்து எகிப்துலயே வளர்ந்தவங்க, அண்ணா. வேற நாட்டுல வளர்ந்தும் தன் வீட்டை மறக்காத பிள்ளைங்க" என்றார். இதற்குப் பண்டிதர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள். தாணேயில் பிள்ளை வளர்க்கும் ஒருவருக்கு இந்தக் காரணமே போதும். பிறகு திராட்சைச் சாறு, மூடிவைத்த இரண்டு சப்பாத்தி, தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக் குழம்பு.

அந்தத் தேங்காய்ப்பாலிலும் சட்டம் இருக்கிறது. இறைச்சியோடு பாலோ தயிரோ நெய்யோ சேரக் கூடாது. கொங்கண் மண்ணில் தென்னைக்குப் பஞ்சமில்லை, பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட்டது. மீனில் துடுப்பும் செதிலும் உள்ளவை மட்டும் ஆகும். இறாலும் நண்டும் கொட்டிக் கிடக்கும் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக அவற்றைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள் என்பது சாதாரணமா? வெளியே போனால் நண்பர் சைவம்தான். இந்த ஒரு விஷயத்தில் இந்தியாவைப்போல் யூதருக்கு வசதியான நாடு வேறு இல்லை என்று மனமார நம்புகிறார். பள்ளித்தோழியின் பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்பிய மகளிடம், "காய்கறி வடா இருந்தா சாப்பிடு, கறின்னா வேண்டாம்னு சொல்லு" என்று அவர் சொல்லி அனுப்பியதைக் கேட்டேன். குரலில் அதட்டல் இல்லை. அந்தக் குழந்தையும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை அவரோடு நடந்தே டெம்பி நாக்காவுக்குப் போனேன். நவராத்திரியில் தேவிக்குப் பெரும் பந்தல் எழும் இடம் அது, பக்கத்தில் அரசு மருத்துவமனை. அந்த நெரிசலுக்குள்தான் 1879-இல் கட்டிய ஷாஆர் ஹஷாமாயிம் ஜெப ஆலயம். வாசலில் போலீஸ் காவல். 2008 நவம்பரில் மும்பையின் யூத மையமான நாரிமன் இல்லத்தில் பயங்கரவாதிகள் நடத்திய கொலைகளுக்குப் பின் இவர்கள் வழிபாட்டோடு காவலும் சேர்ந்துவிட்டது. உள்ளே போனதும் அவர் முதலில் செய்தது தலைகளை எண்ணியது. வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் பொதுப் பிரார்த்தனையை முழுதாகச் சொல்ல முடியும். ஒன்பது பேர் எத்தனை பெரிய பக்திமான்களாக இருந்தாலும் ஆகாது. தாணேயில் சனிக்கிழமைகளில் அந்தக் கவலை இல்லை, இந்தியாவில் யூதர்கள் அதிகம் வாழும் ஊர்களில் இதுவும் ஒன்று. ஆனால் எண்ணும் பழக்கம் அவருக்குக் கொங்கணிலிருந்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். பிரார்த்தனை முடிந்ததும் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் கையைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். அவர் அடுத்தவர் கையைத் தொட்டார். இப்படியே ஒவ்வொருவராக வந்து என் கை வரைக்கும் வந்துவிட்டது. ஹாத் போஷி என்கிறார்கள். வெளியாள் என்று என்னைத் தாண்டிப் போகவில்லை.

கொங்கணில் பழைய ஜெப ஆலயங்கள் பல இருக்கின்றன. அலிபாக்கில் உள்ள மாகேன் அபோத் 1848-இல் தொடங்கியது. பேண், ரேவ்தண்டா, பன்வேலிலும் உண்டு. கட்டடங்கள் நிற்கின்றன, மனிதர்கள் இஸ்ரேலுக்கும் மும்பைக்கும் போய்விட்டார்கள். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் 26,000-க்கு மேல் இருந்த யூதர்கள், 2011-இல் 5,000-க்கும் குறைவு. அங்கே எட்டுப் பேர், ஒன்பது பேர் என்று காத்திருக்கும் முதியவர்களுக்காக நண்பர் அவ்வப்போது வெள்ளிக்கிழமை மதியமே குடும்பத்தோடு காரில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் உறவினர் வீட்டில் போய் இறங்கிவிடுகிறார். பத்தாவது ஆளாக நிற்பதற்காக. இவர் பெரிய படிப்பாளி அல்ல. ஹீப்ரு பிரார்த்தனையைப் பாதிக்கு மேல் மராத்தி எழுத்தில் பார்த்துத்தான் படிக்கிறார். ஆனால் பக்தி என்பதற்கு இதைவிட உறுதியான உதாரணத்தை நான் அண்மையில் பார்க்கவில்லை.

எல்லா நேரமும் இதே நினைப்பில் இருக்கிறார் என்று எண்ணிவிடாதே. கிரிக்கெட் பைத்தியம். 1969 முதல் 1977 வரை டெஸ்ட் போட்டிகளில் நடுவராக நின்ற ஜூடா ரூபன் தங்கள் ஆள் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. 1954-இல் வந்த 'பூட் பாலிஷ்' படத்தில் ஜான் சாச்சாவாக நடித்த டேவிட்டும் பெனே இஸ்ரேல்தான். அந்த நடிகரின் முழுப் பெயர் டேவிட் ஆபிரகாம் சேவுல்கர், ஊர் பெயரோடு 'கர்' சேர்ந்த மராட்டிப் பெயர். குழந்தைகள் தூங்கியபின் கூடத்தில் நண்பர் போட்டுக் கேட்பது கீர்த்தனை. யோசேப்பின் கதையையும் தாவீதின் கதையையும் மராத்தியில் பாட்டும் வசனமுமாகச் சொல்லும் ஒரு மரபு 19ஆம் நூற்றாண்டில் இவர்களிடையே வளர்ந்தது. மராட்டிய கீர்த்தனக்காரர்களிடமிருந்துதான் நம் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரும் கதாகாலட்சேபத்துக்கு அதன் உருவத்தைக் கொடுத்தார் என்று நான் சொன்னபோது எழுந்தே உட்கார்ந்துவிட்டார். ஒரே ஊற்றிலிருந்து ஒரு பக்கம் ராமன் கதை, மறுபக்கம் யோசேப்பு கதை. இரவு வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

நான் இருக்கும்போதே மலிதா வந்தது. பையனுக்கு மழைக்காலத்தில் கடுமையான காய்ச்சலாம். குணமானால் செய்வதாக அவர் மனைவி நேர்ந்துகொண்டிருக்கிறார். ஊறிய அவலில் சர்க்கரை, துருவிய தேங்காய், ஏலக்காய், முந்திரி, திராட்சை கலந்து தாம்பாளத்தில் குவித்து, சுற்றிலும் பழங்கள், மேலே ரோஜா. நம் கிருஷ்ண ஜெயந்தி அவலேதான். எலியா தீர்க்கதரிசியை அழைத்துப் பாடுகிறார்கள். பழங்களுக்கும் நறுமணத்துக்கும் தனித்தனியாக இறைவனுக்கு நன்றி சொல்லி, பிறகு எல்லோருக்கும் பங்கு. கல்யாணமானாலும் புது வேலை கிடைத்தாலும் இது உண்டு. அலிபாக் பக்கம் ஒரு பாறையில் எலியாவின் தேர் பதிந்த தடம் இருப்பதாக நம்பி அங்கே போய் நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். வேறு நாட்டு யூதர்களிடம் இந்த வழக்கம் இல்லை. நண்பரின் அம்மா அவலைக் கிளறும்போது பேத்தியையும் பக்கத்தில் நிறுத்தி, கையளவு எவ்வளவு என்று காட்டிக்கொடுத்தார்.

நண்பரின் அண்ணன் இஸ்ரேலில் அஷ்தோதில் இருக்கிறார், வா வா என்கிறார். இவருக்கு முடிவெடுக்க முடியவில்லை. அங்கே போனவர்களுக்கும் எல்லாம் எளிதாக இருக்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் இவர்கள் முழு யூதர்கள்தானா என்று அங்குள்ள தலைமை மதகுருக்கள் திருமண விஷயத்தில் சந்தேகம் கிளப்பினார்கள். இவர்கள் ஜெருசலேமில் போராடி 1964-இல் அந்த அவமதிப்பை நீக்கவைத்தார்கள். அதை அவருடைய அப்பா இன்றும் கோபத்தோடு சொல்கிறார். எனக்கும் கோபம் வந்தது. செக்கை நிறுத்திச் சனிக்கிழமையைக் காத்தவர்களிடம் சான்றிதழ் கேட்பது எந்த நியாயம்? போனால் பிள்ளைகளுக்கு எதிர்காலம், இருந்தால் அலிபாக்கில் பத்தாவது ஆள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் நாட்கள் போகின்றன. இருந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதால் சொல்லவில்லை.

நீ இந்தப் பக்கம் வந்தால் டெம்பி நாக்காவுக்கு அவசியம் போ. முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொள், அடையாள அட்டையை மறக்காதே. சனிக்கிழமை என்றால் படம் எடுக்காதே. தலையை மூடிக்கொள்ள ஒரு கைக்குட்டை இருக்கட்டும். கொங்கண் போகிறாய் என்றால் எனக்கு முதலில் எழுது. நண்பரிடம் சொல்லி, அவர் போகும் வாரத்தில் உன்னையும் கூட்டிப் போகச் செய்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்